குறை கண்டு சொல்வதும் உழைப்பே!

தாராவி, செம்பூர், கோவண்டித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஐரோலியிலும் மகாப்பேயிலும் சாப்ட்வேர் வேலைக்குப் போகிறார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவர்களில் சிலர், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகும் இன்னொரு வேலை பார்க்கிறார்கள். பெரிய கம்பெனிகள் புதிதாக வெளியிடும் சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்து, எங்கே பழுது, ஏன் பழுது, எப்படித் திருத்தலாம் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறார்கள். காசு கிடையாது. பதில்கூடப் பலருக்கு வருவதில்லை. ஆப்பிள் கடையில் தம் செயலியை வைக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்டுகிறவர்களும் இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். பணமும் கொடுத்து, உழைப்பும் கொடுப்பதா?

கூடாது என்பதே நம் கருத்து.

கோவண்டிக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தேவனார் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்கித் தரம் பிரிக்கும் நம் சகோதரி, பங்கார் கடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டுதான் மூட்டையை இறக்குகிறார். அந்த விலை அநியாயமானது; ஆனால் விலையே இல்லை என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. குப்பையில் நல்லது கெட்டது பிரிப்பது உழைப்பென்றால், கம்ப்யூட்டரில் மட்டும் அது பொழுதுபோக்கா?

இதற்கு விலை உண்டென்று கம்பெனிகளுக்கே தெரியும். பழுது கண்டுபிடிப்பவருக்குப் பணம் என்று 1995-லேயே நெட்ஸ்கேப் அறிவித்தது. கூகுளும் மைக்ரோசாப்டும் பின்னர் அதே வழிக்கு வந்தன. தமிழ்நாட்டைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா இன்ஸ்டாகிராமில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் காட்டியதற்கு, 2019-ல் பேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. திருடன் நுழையும் ஓட்டையால் நஷ்டம் கம்பெனிக்கு. ஆகவே அதற்கு விலை உண்டு. தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால் நஷ்டம் நமக்கு. ஆகவே அதற்கு விலை இல்லை. இதுதான் அவர்கள் கணக்கு.

"சொல்லாவிட்டால் பழுது தீராதே, அவதிப்படுவது நம் மக்கள்தானே?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரயிலில் பெட்டி ஆடுகிறது என்று பயணி சொல்வது முறையீடு; அது அவர் உரிமை. சக்கரம் சக்கரமாகப் பார்த்துக் குறிப்பெழுதுவது டிரெயின் எக்ஸாமினர் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. முறையிடுவோம், உரக்கவே முறையிடுவோம். எக்ஸாமினர் வேலையைச் சும்மா செய்ய மாட்டோம்.

முறையிடுவதிலும் வழி இருக்கிறது. 2009-ல் கூகுள், கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. மொழிபெயர்த்தவருக்குக் கூலி, பிழை திருத்த வேண்டிய தொண்டருக்கு ஒன்றுமில்லை. தொண்டர்கள் வாய்மூடித் திருத்திக்கொண்டிருக்கவில்லை. ஒன்றுகூடி ஆராய்ந்து, குறைகளைத் தொகுத்துக் கம்பெனியிடம் பேசினார்கள். 2010-ல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் உலகத்தார் முன் வைத்தார்கள். 1980-ல் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் எழுந்து நின்ற நகரம் அது!

ஆகவே நம் இளைஞர்களுக்கு மூன்று சொல்கிறோம். ஒன்று: கம்பெனியின் பெட்டிக்குள் தனித்தனியாக எழுதிப் போடாதீர்கள், ஒத்த குறையுள்ளவர்கள் சேர்ந்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். இரண்டு: முழுச் சோதனை வேண்டுமென்றால் கூலி என்ன, எத்தனை நாளில் பதில் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று: விக்கிப்பீடியா, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற பொதுச் சொத்துகளுக்குத் தாராளமாக உழையுங்கள். பைங்கன்வாடியின் ஒரு சந்தை அந்த வரைபடத்தில் குறித்தால், அது எல்லோர் கைக்கும் வரும். யாரும் அதைப் பூட்டி வைத்து நமக்கே விற்க முடியாது.

இலவசமாகக் கொடுப்பதென்றால் ஊருக்குக் கொடுப்போம். முதலாளிக்குக் கொடுப்பதற்கு விலை கேட்போம்!