அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு



ஊரிலிருந்த உங்கள் தாயாரை மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக மும்பைக்கோ தில்லிக்கோ அழைத்து வந்திருக்கிறீர்கள். வீட்டில் 130 என்றிருந்த இரத்த அழுத்தம் மருத்துவமனைக் கட்டிலில் 170 காட்டுகிறது. தூக்கமுமில்லை. ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் பயமும் தணியும், அழுத்தமும் இறங்குமே என்று நர்ஸிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், பதில் அத்தனை எளிதல்ல.

பயங்கொண்ட சரீரத்தில் அட்ரினலின் பெருகுகிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. முதிர்வயதில் தமனிகள் விறைத்திருப்பதால் மேல் எண் சட்டென்று ஏறும். அல்பிரசோலம், மிடசோலம் போன்ற மருந்துகள் கலக்கத்தைத் தணிப்பது மெய்யே. ஆனால் அவ்வயதில் அழுத்தம் ஏறுவது எவ்வளவு விரைவோ, இறங்குவதும் அவ்வளவு விரைவு. வெறும் வயிறு, நீர் வற்றிய உடல், முன்பே கொடுத்த மாத்திரை, அதன்மேல் புரொபோஃபால் போன்ற மயக்க மருந்து என்று எல்லாம் சேரும்போது அழுத்தம் மிகவும் தாழ்ந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தம் குறையக்கூடும். சுவாசம் மந்தமாகலாம். விழித்தபின் புத்தி தடுமாறி, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் முதியவர்களும் உண்டு.

ஜெர்மனியின் 9 மருத்துவமனைகளில் 65 முதல் 80 வயதுள்ள 600க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2024ல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு 3.75 மில்லிகிராம் மிடசோலம், மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. நோயாளிகளின் திருப்தியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இதற்கு வெகுகாலம் முன்னே, 1963ல், பாஸ்டனிலுள்ள மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டிருந்தார்கள். முந்தின நாளில் மயக்க மருத்துவர் வந்து நடக்கப்போவதை விளக்கிப் பேசியவர்கள் அமைதியாயிருந்தார்கள். பென்டோபார்பிட்டல் மாத்திரம் பெற்றவர்களுக்கு உறக்கக் கலக்கம் வந்தது, அமைதி வரவில்லை.

நமக்குச் சிக்கல் இங்கேதான். மருத்துவர் இந்தியில் பேசுகிறார். தாயாருக்குத் தமிழன்றி வேறு தெரியாது. எல்லாம் மகனிடம் சொல்லப்படுகிறது. மகனோ, "ஒண்ணுமில்லம்மா" என்று முடித்துவிடுகிறான். அப்படிச் செய்யாதிருங்கள். ஊசி எங்கே போடுவார்கள், இடுப்புக்குக் கீழே எப்போது மரத்துப்போகும், நடுவில் என்ன சத்தம் கேட்கும், உங்களை மறுபடி எப்போது பார்ப்பார்கள் என்பதை மருத்துவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியையும் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். (ஜெபிக்கப்போகும் சபையாரும் பத்துப்பேராய்க் கட்டிலைச் சூழவேண்டாம். ஒருவர் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் ஜெபித்தால் போதும். பக்கத்துக் கட்டிலிலும் ஒரு நோயாளி படுத்திருக்கிறார்.)

அந்த 170ஐக் குறித்து மனமடிவாகாதிருங்கள். பிரிட்டனின் மயக்க மருத்துவர் சங்கமும் இரத்த அழுத்தச் சங்கமும் 2016ல் தந்த வழிகாட்டுதலின்படி, முந்தின 12 மாதங்களில் 160/100க்குக் கீழான பதிவு இருந்தால் திட்டமிட்ட சிகிச்சையைத் தொடரலாம். பதிவே இல்லாவிடினும், 180/110க்குக் கீழிருந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆகையால் வீட்டில் குறித்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள்.

அம்லோடிபின், மெட்டோபிரோலால் ஆகியவற்றை அன்று காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்வது வழக்கம்; டெல்மிசார்டன் வகையை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் அநேகர். நீங்களாய்த் தீர்மானியாமல் கேட்டறியுங்கள். வீட்டில் தினமும் தூக்க மாத்திரை எடுக்கிறவர்களானால், வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம்; திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்துண்டு. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் பத்திரமாய் வைத்திருந்து, விழித்தவுடனே அணிவித்துவிடுங்கள்.