நர்சம்மாவின் தராசு

குருவிகுளம் ஒன்றியத்துக் கரிசல் கிராமம் ஒன்றுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தால், எதிரே அங்கன்வாடியில் ரகளை.

உத்திரத்தில் தராசு. அதில் துணித்தூளி. தூளிக்குள் ஒரு பயல் காலை ஆட்டிச் சிரிக்கிறான். அவன் பாட்டி நர்சம்மாவிடம் மல்லுக்கு நிற்கிறாள்.

"பிள்ளய பருத்தி மாதிரி நிறுக்காதீக தாயி, கண்ணு பட்டுரும்!"

"முதல்ல நீங்க சுத்திப் போட்டுருங்க பாட்டி, அப்புறம் நான் நிறுக்கேன்."

சுற்றிப் போட்டார்கள். மிளகாய்க் கமறலில் தும்மல் என்னவோ எனக்குத்தான்.

பத்து மாசக் குழந்தை. முள் ஏழு கிலோவில் நின்றது. போன மாசமும் ஏழு, அதற்கு முந்தின மாசமும் ஏழு. அட்டையில் ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது. எட்டாம் மாசம் பச்சையில் இருந்த புள்ளி இப்போது மஞ்சளில். பயலோ சிரிக்கிறான்! சிரிக்கிற பிள்ளையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள்?

இந்தக் கோட்டைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனதில் நம்மவர்கள் முன்னோடி. 1980-ல் உலக வங்கிக் கடனில் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' வந்தது. (1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு வேறு.) மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாசாமாசம் நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கணக்குப்பிள்ளை யோசனைதான், ஆனால் கடுமையான சத்துக்குறைவு நிஜமாகவே குறைந்தது.

இந்தப் பயலுக்கு என்ன கேடு? அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகலில் பாட்டி ஊட்டும் ரசஞ்சாதம் இரண்டு வேளை. நடுவில் வயிற்றாலே போனபோது அதுவும் கட்.

"வயித்தக் காயப்போட்டா நின்னுரும்லா?"

"நிக்காது பாட்டி, பிள்ளதான் வாடிப்போகும். அப்பத்தான் கூடக் கொடுக்கணும். தாய்ப்பால நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைப் பாக்கெட்டக் கரைச்சுக் கொடுங்க, 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுங்க. சோத்தக் குழைச்சு, பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, கொஞ்சங் கொஞ்சமா நாலு வேளை."

சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சர்க்கார் கணக்கு. அந்தக் கணக்கில் இருட்டின பிறகு வேலை கிடையாது. ஆனாலும் ராத்திரி பஸ்ஸுக்கு நான் நின்றபோது, நர்சம்மா அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாக்காரியிடம் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டி மட்டும் விடவில்லை.

"சரி தாயி, நாலு வேளையும் ஊட்டுதேன். அடுத்த மாசம் ஏறலைன்னா ஒங்க தராசுதான் சரியில்ல, ஆமா!"