மூன்று நிமிடச் சதுரங்கம்

வந்த நாட்டின் மொழி பிடிபட முன்னரே எமது பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சரிசமமாக உட்காரக்கூடிய இடம் சதுரங்கப் பலகை. ஆனால் கழகங்களில் பெரும்பாலும் மணிக்கூடு வைத்து விரைவாக ஆடுகிறார்கள். வெல்லும் நிலையில் இருந்தும் நேரம் முடிந்து தோற்ற பிள்ளை முகம் வாடி வீடு வருகிறது. "கெதியா ஆடு" என்று நாம் அதட்டுவதால் பயனில்லை.

வேக ஆட்டத்தில் தமிழர் பெயர் எடுத்த கதை பர்மாவில் தொடங்குகிறது எனலாம். யாங்கோனிலிருந்து மாந்தளைக்குப் போகும் ரயில் பாதையில் தவுங்கூ என்றொரு ஊர். 1935இல் அங்கே பிறந்தவர் மனுவேல் ஆரோன். தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது தடவை தேசிய சாம்பியன். (பர்மியருக்குச் சித்துயின் என்று சொந்தச் சதுரங்கமே உண்டு. அதில் சிப்பாய்களுக்குப் பின்னால் மற்றக் காய்களை அவரவர் விரும்பியபடி அடுக்கித்தான் தொடங்குவர். ஆரோன் வென்றது உலகமெல்லாம் ஆடும் சதுரங்கத்தில்.)

1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியபோது முன்னின்றவர் ஆரோன். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் வேக ஆட்டம் பழகியது அங்கேதான். வென்றவர் பலகையில் இருப்பார், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். எழும்ப மனமில்லாத பிள்ளை வேறென்ன செய்யும்? 2003இலும், பின்னர் 48 வயதில் 2017இலும் அவர் உலக விரைவுச் சதுரங்கப் பட்டம் வென்றார்.

அது கை வேகமல்ல. பலகையைக் கண்டதும் இது இன்ன நிலை என்று அடையாளம் காணும் வேகம். அதை மெதுவாகத்தான் சேர்க்க வேண்டும். ஆகவே மூன்று நிமிட ஆட்டத்தோடு தொடங்க வேண்டாம். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 செக்கன் கூடுதல் என்று வையுங்கள். உலக விரைவுப் போட்டிக்கும் இதே அளவுதான். நகர்த்தல்களை எழுதும்போது பக்கத்தில் மிச்ச நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்தபின் அந்தத் தாளைப் பார்த்தால் நேரம் எங்கே போனதென்று தெரியும். அநேகமாகத் தொடக்கத்திலேயே போயிருக்கும். வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு இரண்டு, அவை போதும். அவற்றை நன்றாகப் பழகினால் அந்த நிமிடங்கள் மிஞ்சும். எதிரியின் தனி ராஜாவை ராணியாலோ கோட்டையாலோ மடக்குவதையும் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகட்டும்.

இதற்குப் பிறகு 3 நிமிடமும் 2 செக்கனும். காய் நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டை அழுத்த வேண்டும் என்பது விதி. வீட்டிலேயே அதைப் பழக்கிவிடுங்கள். இரவிரவாகக் கைத்தொலைபேசியில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆடுவதை நாம் பயிற்சியாகக் கணக்கெடுப்பதில்லை. ஐந்து ஆட்டம் ஆடி, தோற்றவற்றை ஆறுதலாகத் திரும்பப் பார்த்தால் அதுவே மேல். மணிக்கூடு விலை அதிகம். அதே கைத்தொலைபேசியில் இலவசச் சதுரங்க மணிக்கூடு கிடைக்கிறது, இப்போதைக்கு அது போதும்.