“ஒரேயடியா வந்துட்டியா?”

லீவில் வந்தால் ஊர் கொண்டாடுகிறது. ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று சொன்ன மறுகணம் முகம் மாறிவிடுகிறது. “ஏன், அங்க என்ன ஆச்சு?” “விசா போயிடுச்சா?” “கேன்சல்ல வந்துட்டியா?” லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவிலிருந்து வந்தவர்களைப் பார்த்துக் காலங்காலமாகக் கேட்கிற கேள்வி. இப்போது டாக்டர் பட்டம் வாங்கியவர்களையும் விடுவதில்லை. வேலை செய்யத்தான் வந்தேன், படித்த படிப்பை என் ஊரிலேயே பயன்படுத்த வந்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

நம்பாதவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நம்பும்படியாக இங்கே எதுவும் இல்லையே. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் அக்கா மகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் உயராய்வு மையத்தில்தான் படித்தாள். அங்கேயே முனைவர் பட்டம் முடித்து, ஐரோப்பாவுக்கு ஆராய்ச்சிக்குப் போனாள். அவள் எடுத்துக்கொண்டதே அலையாத்திக் காட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைத்தான். அந்தக் காடுள்ள பிச்சாவரம் அவள் பிறந்த வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். வேலையின் மூலப்பொருள் முழுக்க இங்கே கிடக்கிறது, வேலை மட்டும் எங்கோ இருக்கிறது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வயதாகிறது, இனி இங்கேயே இருந்துவிடலாம் சித்தி என்று அவள் போனில் சொன்னபோது எனக்கு எத்தனை சந்தோஷம்!

அங்கிருந்தபடியே ஒவ்வொரு இடமாக விசாரித்தாள். படித்த பல்கலைக்கழகத்தில் கேட்கலாம் என்றால் அதன் கதை ஊரறிந்தது. 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் விழுந்து, 2013-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மிகைப் பணியாளர் என்று கணக்கெடுத்து, பேராசிரியர்களையும் ஊழியர்களையும் மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிநிரவலில் அனுப்பினார்கள். இருந்தவர்களையே வெளியே அனுப்பிய இடத்தில் புதிதாக வருகிறவளுக்கு என்ன இருக்கப்போகிறது?

சரி, அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி? 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. அது நடக்காமலே போனது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று புதிய அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வெளிநாட்டில் ஒப்பந்தத்தில் இருக்கிற ஒருத்தி எந்த மாதத்தை நம்பி அங்கே ராஜினாமா எழுதிக் கொடுப்பாள்? வேலையை விட்டுவிட்டு வந்தால் இங்கே தேர்வு இல்லை. தேர்வு வரட்டும் என்று இருந்தால் வயது ஓடிவிடுகிறது. இதைக் கொஞ்சமாவது யோசித்துப் பார்த்தவர்கள் அந்த அலுவலகங்களில் யாரேனும் உண்டா?

அந்த 2019 அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. பாடம் நடத்திய அனுபவத்துக்கு 15 மதிப்பெண். ஆய்வகத்தில் இரவு பகலாகக் கழித்த வருடங்களை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

வெளிநாட்டிலிருக்கும் விஞ்ஞானிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசின் ராமலிங்கசுவாமி உதவித்தொகை இருக்கிறது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு. அதற்கும் ஒரு நிறுவனம் நாங்கள் இடம் தருகிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு இவள் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டாள். வேண்டாம் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். பதிலே வரவில்லை.

கடைசியில் கௌரவ விரிவுரையாளர் வேலைதான் கிடைத்தது. மாதம் 25,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. பணம்கூடப் பரவாயில்லை என்பாள். நுண்ணோக்கி ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, சரிசெய்ய ஆளைக் கூப்பிடுங்கள் என்று கேட்டதற்கு, “நீங்க கெஸ்ட் லெக்சரர்தானே மேடம், அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

கடலூர்ப் பக்கத்துப் பொறியாளர்களின் பாடும் இதேதான். வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளில் பழகிய கைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! பெரியகுப்பத்தில் சுத்திகரிப்பு ஆலை எழும்பியபோது, இனி ஊரோடு வந்துவிடலாம் என்று எத்தனை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அதை அடித்துப்போட்டது. வேலை நின்றது. பிறகு அந்த ஆலை செய்தித்தாளில் அடிபட்டதே பெரும்பாலும் அங்கே இரும்பு திருடு போனதாகத்தான். நெய்வேலி இருக்கிறதே என்பார்கள். அங்கே பயிற்சிப் பொறியாளர் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. வெளிநாட்டில் உழைத்து நாற்பதைத் தொட்டவர் மனு போடவே முடியாது.

போனவர்கள் ஜெயித்தால் மட்டும் கொண்டாடுகிறோம். 2009 அக்டோபரில் வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் அறிவித்தபோது சிதம்பரம் எப்படிப் பூரித்தது! 1952-ல் இங்கே பிறந்து, மூன்று வயதில் ஊரைவிட்டுப் போனவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தினேன் என்றுகூட ஒருவர் சொல்ல, நான் அங்கே படித்ததே இல்லை என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் அவருடைய அப்பா அம்மாவைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. மகன் பிறந்தபோது அப்பா அமெரிக்காவில், விஸ்கான்சினில் ஆராய்ச்சியில் இருந்தார். அவர் திரும்பி வந்தார். பரோடா பல்கலைக்கழகம் புதிய உயிர்வேதியியல் துறையையே அந்த இளைஞரிடம் ஒப்படைத்தது. அம்மா பின்னால் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, அவரும் திரும்பி வந்து பரோடாவில் ஊட்டச்சத்து ஆய்வு செய்தார். நாடு வசதியாக இருந்த காலமா அது? இந்தத் துறை உன் பொறுப்பு, நடத்து என்று சொல்ல ஓரிடத்தில் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான். அப்போதும் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 1949-ல் திரும்பி வந்த ஹர் கோபிந்த் கொரானா இங்கே வேலை கிடைக்காமல் மறுபடி வெளிநாடு போனார். 1968-ல் அவருக்கு நோபல் கிடைத்தபோது நாம் கைதட்டினோம்.

ஆண்டுதோறும் ஜனவரி 12-ல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். மேடை, மாலை, விருது எல்லாம் நடக்கட்டும். அன்றைக்கு ஒரே ஒரு பட்டியலையும் வெளியிடுங்கள். எந்த மாவட்டத்தில், எந்தக் கல்லூரியில், எந்த ஆய்வகத்தில் எத்தனை இடம் காலி, தேர்வு எந்தத் தேதியில், வெளிநாட்டு ஆய்வு அனுபவத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று. போட்ட தேதியை மாற்றாதீர்கள். நேர்காணலைக் காணொளியில் வையுங்கள்.

என் அக்கா மகள் மறுபடி வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்திருக்கிறாள். அப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால், “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்று சொல்ல எனக்கு வாய் வரும். இப்போது வரவில்லை.