கொடுத்து வைத்த மரம்

ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலே ஹொலிறூட் அரண்மனைத் தோட்டம் இருக்கிறது. அங்கே நூறடி உயரத்தில் நின்ற இரண்டு மரங்களைப் பலரும் பார்த்துச் சென்றார்கள். அவை என்ன இனம் என்பது மறந்துபோயிருந்தது. 2016 இல் அந்நகரத் தாவரவியற் பூங்காவினர் அவற்றை வென்ற்வேர்த் எல்ம் என இனங்கண்டனர். அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட, கிளைகள் தாழ்ந்து தொங்கும் வளர்ப்பினம் அது.

எல்ம் மரங்களைக் கொன்றது ஒரு பங்கசு நோய். மரப்பட்டை வண்டுகள் அதைக் காவித் திரியும். மரத்தில் நீர் ஏறும் குழாய்கள் அடைபட்டு, இலைகள் வாடி, மரம் பட்டுப்போகும். 1960களின் பிற்பகுதியில் இந்நோயின் கடுமையான வகையொன்று பிரித்தானியாவிலே பரவி, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்களை அழித்தது.

1902 இல் ஜேர்மனியிலிருந்து இவ்வினத்தின் மூன்று கன்றுகள் வந்ததாகத் தாவரவியற் பூங்காவின் பதிவேடு கூறுகிறது. பூங்காவில் நட்டது ஒன்றுதான். அதுவும் 1996 இல் நோயினால் அழிந்தது. மற்ற இரண்டும் அரண்மனைக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. வைத்திருந்தது போயிற்று, கொடுத்தது நின்றது.

இடம் மாறியதால் மட்டும் அவை பிழைக்கவில்லை. எடின்பரோ மாநகர சபை 1980கள் முதல் எல்ம் மரங்களைப் பார்வையிட்டு, நோய் கண்டவற்றை வெட்டி அகற்றி வந்தது. ஊர் கூடிக் காத்ததும் ஒரு காரணம்.

இடம்பெயர்ந்த நமக்கு இதிலே பாடம் உண்டு. விதைநெல்லையும் வளவு மரங்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மிற் பலர். "இருக்க நிலமில்லை, விதைப் பேச்சு எதற்கு?" என்று கேட்பது நியாயமே. ஆனால் நிலம் திரும்பக் கிடைக்கும் நாளிலே விதை இல்லாவிட்டால் என்ன செய்வோம்?

ஆகவே கைவசமுள்ள விதையிலே ஒரு பங்கை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்போம். கறுத்தக்கொழும்பான் போன்ற மாவினம் கொட்டையிலிருந்து அப்படியே வருமென்று நம்ப முடியாது, ஒட்டுக்கன்றாகவே பகிர்வோம். யாரிடம் எந்த இனம் உள்ளதென்று மாதர் சங்கக் கொப்பியிலாவது எழுதி வைப்போம். பெயர் மறந்தால், கண்முன் நிற்பதும் தொலைந்ததாகவே போய்விடும்.