ஸ்கேனர் யந்திரமும் நமது கடமையும்

நமது பள்ளிக்கூடங்களிலும் காலேஜுகளிலும் கம்ப்யூட்டர் கூடம் என்பதாக ஒரு அறை இருப்பதை அனேகமாக எல்லோரும் பார்த்திருக்கலாம். அவற்றில் பலவற்றில் ஒரு மூலையில் தட்டையான கண்ணாடி வைத்த ஸ்கேனர் என்னும் யந்திரமும் இருக்கும். அதற்கு ஒரு துணி உறை போட்டிருக்கும். அந்த உறையின்மேல் ஹாஜர் புஸ்தகங்களும் பழைய பரீட்சைத் தாள்களும் அடுக்கியிருக்கும். எவனாவது ஒரு மாணவன் அதன் அருகில் போனால், "தொடாதே, கெட்டுப்போகும்" என்கின்ற உபதேசம் மாத்திரம் தாராளமாய்க் கிடைக்கும். யந்திரம் கெடாமல் இருக்கின்றது என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஒருவருக்கும் உபயோகப்படாத யந்திரம் கெட்டால்தான் என்ன, கெடாமல் இருந்தால்தான் என்ன என்று நாம் கேட்கின்றோம்.

இந்த யந்திரம் ஏழை எளியவர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குத்தான் அது முக்கியமாய் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பணக்காரனுடைய சொத்துக்கு அவனுடைய வக்கீலும் கணக்குப்பிள்ளையும் சாட்சி. ஏழையின் பாத்தியதைக்கோ, அவன் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பட்டாவும், கிரயப் பத்திரமும், ஜாதிச் சான்றும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழுமே சாட்சி. அந்தச் சாட்சியைக் கரையான் தின்றுவிட்டால் அவன் எந்தக் கச்சேரியில் போய் என்ன சொல்ல முடியும்? 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பறிகொடுத்தவர்கள், அவற்றின் நகலுக்காக முகாம்களில் வரிசையில் நின்றதை நாடு பார்த்தது. அதற்கு முன் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது, சுமார் 97,000 புஸ்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கேனும் பிரதி இருந்தவைகள் இன்றும் இருக்கின்றன. பிரதி இல்லாதவைகளோ அன்றிரவோடு உலகத்தைவிட்டே போய்விட்டன. 2005 முதல் "நூலகம்" என்னும் பெயரால் ஈழத்துத் தமிழ்ப் புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து, இன்டர்நெட்டில் எல்லோருக்கும் இலவசமாய் வழங்கிவரும் வேலை எவ்வளவு அவசியமானது என்பதை இதிலிருந்தே அறியலாம். ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமானம் என்பதை நம் மக்கள் நன்றாய் மனதில் வைக்கவேண்டும்.

"கையில் செல்போன் இருக்கிறதே, அதில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. அவசரத்துக்குப் போதும். ஆனால் செல்போனைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் காகிதம் ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் குறுகியும் விழும். கையின் நிழல் எழுத்தின்மேல் படியும். ஸ்கேனரிலோ காகிதம் கண்ணாடியின்மேல் அசையாமல் படிந்திருக்கின்றது. கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு விளக்கும், ஒளியை உணரும் சில்லுமாகச் சேர்ந்து, ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில், வரி வரியாக நகர்ந்து போகின்றது. வெள்ளைக் காகிதம் ஒளியை அதிகமாய்த் திருப்பும், கறுத்த மை குறைவாய்த் திருப்பும். அந்த ஏற்றத்தாழ்வு எண்களாக மாறுகின்றது. வேறு மாய மந்திரம் அதில் ஒன்றும் கிடையாது. 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவரது சகாக்களும், படத்தை உருளையில் வைத்துப் படிக்கும் யந்திரம் ஒன்றைச் செய்து, அவருடைய கைக்குழந்தையின் போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள். பக்கத்துக்கு 176 புள்ளிகள் வீதம் மொத்தம் 30,976 புள்ளிகளே அந்தப் படம். அங்கே தொடங்கியதுதான் இன்று நம் கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் தூங்குகின்றது.

நிற்க, யந்திரத்தைத் தொட அஞ்சுவது ஒரு மூடத்தனம் என்றால், அது காட்டுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது அதைவிடப் பெரிய மூடத்தனமாகும்.

முதலாவதாக, எண் பெரிதாயிருந்தால் படமும் உயர்ந்தது என்கின்ற நம்பிக்கையைப் பார்ப்போம். ஸ்கேனரில் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று ஒரு கணக்கு உண்டு. சாதாரண எழுத்துள்ள காகிதத்துக்கு 300 போதும். பொடி எழுத்துக்கும் சிறிய போட்டோவுக்கும் 600 வைக்கலாம். ஒரு ஏ4 தாளை 300-ல் வர்ணமாய் எடுத்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள், அதாவது சுமார் 26 மெகாபைட் ஆகும். 600-ல் எடுத்தால் அது நாலு பங்கு. 2400-ல் எடுத்தால் 64 பங்கு! காகிதத்தில் இல்லாத எழுத்து இதனால் வந்துவிடுமா? யந்திரப் பெட்டிகளின்மேல் 9600, 19200 என்று அச்சடித்திருப்பதைக் கண்டும் ஏமாறக்கூடாது. அவற்றில் பெரும்பாலும், யந்திரம் மெய்யாகவே பார்த்த புள்ளிகள் கொஞ்சமாகவும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தானாகவே கற்பித்து நிரப்பினவை அதிகமாகவும் இருக்கும். பார்த்தது எவ்வளவு, கற்பித்தது எவ்வளவு என்று கேட்டு வாங்குகின்றவனே புத்திசாலி.

இரண்டாவதாக, ஸ்கேன் செய்த நகல் பொய் சொல்லாது என்கின்ற நம்பிக்கை. 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்னும் கம்ப்யூட்டர் நிபுணர் ஒரு சங்கதியை வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனியின் யந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்தபோது, 21.11 என்றும் 17.42 என்றும் இருந்த அறைகளின் பரப்பளவு, நகலில் 14.13 என்று மாறியிருந்தது! எழுத்து மங்கவில்லை, அழியவில்லை. வெகு தெளிவாய், வெகு அழகாய், தப்பாக இருந்தது. காரணம் என்னவென்றால், படத்தின் அளவைச் சுருக்குவதற்காக, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் சிறு துண்டுகளை ஒன்றென்றே வைத்துக்கொண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பதித்துவிடும் ஏற்பாடு அந்த யந்திரத்தில் இருந்ததேயாகும். பிறகு கம்பெனியார் அதைத் திருத்துவதற்கு வழி செய்தார்கள். ஆனால் அதற்குள் எத்தனை ஆஸ்பத்திரிச் சீட்டிலும், எத்தனை கணக்கிலும் 6 என்பது 8 ஆகியிருக்கும் என்று யார் சொல்லக்கூடும்? எனவே யந்திரம் எடுத்தது என்பதற்காக மாத்திரம் ஒன்றை நம்பாமல், மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சர்வே நம்பரையும், தேதியையும், தொகையையும் தன் கண்ணால் ஒத்துப்பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, படத்தைக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே எழுத்தைப் படித்துக்கொள்ளும் என்கின்ற நம்பிக்கை. தமிழையும் படிக்கக்கூடிய ஏற்பாடுகள் இப்போது வந்திருப்பது மிகவும் சந்தோஷமே. ஆனால் 1978-ல் சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புஸ்தகங்களில் ணை, லை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகள் வேறு உருவில் இருக்கும்.  அப்படிப்பட்ட பக்கத்தைக் கம்ப்யூட்டர் படித்தால், தாத்தாவின் பெயர் தெருவின் பெயராகிவிடக்கூடும். ஆதலால் படத்தை எறிந்துவிட்டு எழுத்தை மாத்திரம் வைத்துக்கொள்வது, நெல்லை எறிந்துவிட்டு உமியைக் கட்டி வைப்பதாகும்.

இனி செய்யவேண்டியது என்ன? முதலில் கண்ணாடியை மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். காகிதத்தில் குத்தியுள்ள ஊசியையும் கம்பியையும் எடுத்துவிடுங்கள். பழுத்த காகிதம், பென்சில் எழுத்து, முத்திரை, கையெழுத்து ஆகியவைகளை வெறும் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். வர்ணத்திலேயே எடுங்கள். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். பழைய புஸ்தகத்தின் முதுகை முறித்து அமுக்காதீர்கள். பாதுகாத்து வைக்கும் பிரதியை டிஃப் முதலிய, விவரம் குறையாத வகையில் சேமித்து, அனுப்புவதற்கு மாத்திரம் சுருக்கிய ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். "ஸ்கேன் 1", "ஸ்கேன் 2" என்று விடாமல், இன்னாருடைய பட்டா, இன்ன வருஷம் என்று பெயரிடுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கூடத்தை விட்டுப் போகுமுன், ஆதார் அட்டையும் சான்றிதழும் அந்தப் பொதுக் கம்ப்யூட்டரில் தங்காமல் அழித்து, அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் காகிதம் ஊரார் காகிதமாகிவிடும். நகல் இருக்கின்றதே என்று மூலத்தை அலட்சியம் செய்வதும் கூடாது. கச்சேரியில் மூலத்தைத்தான் கேட்பார்கள். ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆகாத புஸ்தகத்தை உரியவரின் சம்மதமில்லாமல் படியெடுத்து ஊருக்கு வழங்குவது இந்தியச் சட்டத்துக்கு விரோதம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பள்ளிக்கூட நிர்வாகிகளுக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த யந்திரம் பொது ஜனங்களின் வரிப்பணத்திலோ, பிள்ளைகள் கட்டிய சம்பளத்திலோ வந்ததே தவிர, ஒருவரும் சீதனமாய்க் கொண்டுவந்ததல்ல. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது உறையை எடுத்துவிட்டு, அதில் வேலை செய்ய மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அந்த மாணவர்கள் தங்கள் தாய் தகப்பன்மாரின் தகரப் பெட்டியை ஒரு முறை திறந்து பார்க்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பட்டாவை அவளுடைய பேத்தி தன் கையால் ஸ்கேன் செய்து, சர்வே நம்பரை வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்ப்பாளானால், அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கற்பது, பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் கம்ப்யூட்டர் பாடம் முழுவதையும்விட மேலானது என்றே சொல்லுவோம். கண்ணாடி தேய்ந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். தேய்ந்தால் வேறு வாங்கலாம். கரையான் தின்ற பட்டாவை எந்தக் கடையில் வாங்குவது?