அத்தானின் கேம் பாயும் ஒரு ரூபாய் அளவு பேட்டரியும்

போன மாதம் ஒரத்தநாடு பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து ஊரே சேறும் நாற்றுமாக இருந்தது. அக்காவுடைய பேத்திக்கு எட்டு வயசு. பரணிலிருந்து இறக்கிய பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவள், ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தாத்தா, இது என்ன ரிமோட்? டி.வி.யே இல்லாம ரிமோட் மட்டும் இருக்கு!"

சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி ஒரு கனம். முன்னால் சின்னதாக ஒரு திரை, அதற்குக் கீழே இரண்டு சிவப்பு பட்டன். 1997-ல் அத்தான் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது மகனுக்கு வாங்கி வந்த கேம் பாய் அது. அத்தான் இப்போது இல்லை. கொரோனா இரண்டாம் அலையில் 2021-ல் போய்விட்டார்.

முதுகுப் பக்க மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு பேனா பேட்டரி. அவற்றைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. அந்த பேட்டரிகளை யார், எப்போது போட்டது என்று அக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"கஜா புயல்ல போட்டதுடா. அவர்தான் போட்டார்."

கஜா ராத்திரிகள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த புயலை டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது. அக்கா ஊருக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. இரண்டாம் நாளே எல்லோருடைய போனும் அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் போன்கள் வரிசை கட்டிக் கிடந்தன.

அத்தான் அப்போதுதான் இந்தப் பெட்டியைத் தேடி எடுத்தாராம். பெட்டிக்கடையில் நான்கு பேட்டரி வாங்கிப் போட்டதும் இருபது வருஷத்துப் பழைய சாமான் 'டிங்' என்று உயிர் பெற்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து முறை வைத்து விளையாடியிருக்கிறார்கள். விளக்கு அவசியம் வேண்டும், ஏனென்றால் அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது.

அது ஒரு குறை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். அது இத்தனை நேரம் ஓடுவதற்கே காரணம் அந்தக் குறைதான்.

மேட்டூர்க் கணக்கு

நம் ஊரில் காலையில் பேப்பரைப் பிரித்தால் இரண்டு எண்களைத் தேடுவோம். அணையில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது? விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள்? முதல் எண் இருப்பு, இரண்டாவது செலவு. விநாடிக்கு சுமார் 11,500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. காலி. எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பேட்டரியும் அப்படியே. போன் பெட்டியில் 5000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது இருப்பு. அதை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 'வாட் அவர்' கிடைக்கும். கருவி எத்தனை வாட் குடிக்கிறது என்பது செலவு. இருப்பைச் செலவால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தெரிந்துவிடும்.

கேம் பாய்க்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல ஆல்கலைன் பேனா பேட்டரி நான்கு, வரிசையாக. மொத்தம் 6 வோல்ட், சுமார் 2000 எம்.ஏ.எச். ஆக 12 வாட் அவர். கருவி குடிப்பது 0.7 வாட்தான். வகுத்தால் ஏறக்குறைய 17 மணி நேரம். நடைமுறையில் சுமார் 15 மணி நேரம் ஓடியது.

1990-ல் போட்டிக்கு வந்த சேகா நிறுவனத்தின் கேம் கியரில் வண்ணத் திரை, பின்னால் விளக்கு. ஆறு பேட்டரி போட்டும் மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான் தாங்கியது. விளக்கும் வண்ணமும் குடித்துவிட்டன. வெளிச்சத்தின் விலை என்ன என்று நிண்டெண்டோவின் பிற்காலக் கருவி ஒன்றே காட்டியது. 2003-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யில் விளக்கைப் போட்டால் 10 மணி நேரம், அணைத்தால் 18 மணி நேரம்.

1989-ல் கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். புதுசாக, விலை அதிகமாக உள்ள தொழில்நுட்பத்தைத் துரத்தாதே, பழகித் தேய்ந்து மலிவானதை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. பத்தாயம் சின்னதாக இருந்தாலும் சாப்பிடுகிற வாய் குறைவாக இருந்தால் அடுத்த அறுவடை வரை வரும் இல்லையா, அது மாதிரி.

உள்ளே என்ன இருக்கிறது?

மறுநாள் அதைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தேன். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் போன் ரிப்பேர் கடை. கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயசுதான் இருக்கும். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, இதைத் தொறக்கத் தனி ஸ்க்ரூ டிரைவர் வேணும். நம்மகிட்ட இருக்கு" என்றார்.

உள்ளே முக்கியமாக இரண்டு பலகைகள். ஒன்றில் திரை, இன்னொன்றில் ஷார்ப் நிறுவனம் செய்துகொடுத்த மூளைச் சில்லு. அதன் வேகம் சுமார் 4.19 மெகா ஹெர்ட்ஸ். வேலை பார்க்க 8 கிலோபைட் நினைவகம், படத்துக்குத் தனியாக இன்னொரு 8. உங்கள் கையிலிருக்கும் 8 ஜி.பி. போனில் அதைப் போல் பத்து லட்சம் மடங்கு இருக்கிறது. திரையில் 160-க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். பட்டனுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அதில் கார்பன் பொட்டுகள். அவ்வளவுதான்.

ஒழுகிய பேட்டரிகள் சாதாரண துத்தநாக வகை. அந்த வகையில் வெளி டப்பாவே துத்தநாகம். அதுதான் கரைந்து கரைந்து மின்சாரம் கொடுக்கிறது. காலியான பிறகும் உள்ளேயே விட்டால் டப்பா ஓட்டையாகிச் சாறு வெளியே வந்துவிடும். பெட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? புயல் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றாமல் பரணில் ஏற்றியது நாங்கள்தான்.

தம்பி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார். புது பேட்டரி போட்டதும் 'டிங்'. கூட இருந்த கேம் அட்டையைச் செருகினார். பெயர் கேட்கும் திரை வந்தது.

முதல் வரியில் அக்கா மகனின் பெயர். இரண்டாம் வரியில் அத்தானின் பெயர்.

நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அட்டைக்குள் ஒரு காவல்

அத்தானின் ஆட்டம் அத்தனை வருஷம் எங்கே இருந்தது? அந்தக் காலத்து அட்டைகள் பலவற்றில் விளையாட்டை சேமிக்கும் சில்லுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எல்லாம் அழிந்துவிடும். அதற்காக அட்டைக்குள்ளேயே ஒரு ரூபாய் அளவில் ஒரு நாணய பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். இந்த அட்டையில் இருந்தது சி.ஆர். 2025. 20 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம்.

அதன் இருப்பு சுமார் 160 எம்.ஏ.எச்.தான். ஆனால் சில்லு சும்மா இருக்கும்போது குடிப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தாலும், அதாவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 18 வருஷம் வரும். அதைவிடக் குறைவாகக் குடித்தால் இன்னும் கூட வரும்.

தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.7.

"இன்னும் உசுரு இருக்குண்ணே. ஆனா எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது. மாத்தலாம். கழட்டுன அந்த நிமிஷமே உள்ள இருக்கறது போயிடும். இப்ப நான் தொட மாட்டேன்."

வேறு கடையாக இருந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்து காசு வாங்கியிருப்பார்கள். இவர் ஒரு வாரம் கேட்டார். அட்டையைப் படிக்கும் சின்னக் கருவி ஒன்றை வரவழைத்து, கம்ப்யூட்டரில் செருகி, முதலில் சேமிப்பை நகல் எடுத்தார். மொத்தம் 8 கிலோபைட். காலையில் குடும்ப குரூப்பில் வருகிற 'இனிய காலை வணக்கம்' படம் அதைப் போல் பல மடங்கு பெரியது. பிறகு பழைய பேட்டரியைக் கழற்றினார், காதுத் தகடு வைத்த புதியதைப் பற்றவைத்தார், நகலைத் திரும்ப அட்டையில் ஏற்றினார்.

இரண்டாம் வரியில் அத்தானின் பெயர் அப்படியே இருந்தது. நகலை அக்கா மகனுக்கும் அனுப்பிவிட்டேன். சென்னையிலிருந்து போன் செய்தவன், "அப்பா எதுவரைக்கும் போயிருக்கார்னு பார்த்தீங்களா மாமா?" என்றுதான் முதலில் கேட்டான்.

உங்கள் வீட்டுப் பரணுக்கு

இன்றைய கருவிகளில் சேமிப்புக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் பிரச்னை வேறு இடத்துக்குப் போய்விட்டது. 2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் 4310 எம்.ஏ.எச். லித்தியம் பேட்டரி, 2.5 முதல் 6.5 மணி நேரம். 2019-ல் அதே பேட்டரியோடு சிக்கனமான சில்லை மாற்றினார்கள், 4.5 முதல் 9 மணி நேரமாகிவிட்டது. இங்கேயும் அதே மேட்டூர்க் கணக்குதான். ஆனால் லித்தியம் பேட்டரி கெட்டால் ஒழுகாது, வாயு சேர்ந்து உப்பும். அதனால் சில விஷயங்கள்:

• சும்மா எடுத்து வைக்கும் எந்தச் சாமானிலும் பேனா பேட்டரியை விட்டு வைக்காதீர்கள். ரிமோட், கடிகாரம், பொம்மை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

• லித்தியம் பேட்டரி உள்ளதைப் பாதி சார்ஜில் அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓட்டு வீட்டுப் பரண் கோடையில் அடுப்பு மாதிரி, அங்கே வேண்டாம்.

• முதுகு மூடி பூரி போல் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

• நாணய பேட்டரியைக் குழந்தைகள் கையில் எட்ட விடாதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

• பழைய பேட்டரியை வாய்க்காலிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள். தயாரிப்பவர்கள் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. வாங்கிய கடையில் கேளுங்கள்.

பேத்தி இப்போது மூன்றாம் வரியில் தன் பெயரைப் போட்டு ஆடுகிறாள். வெளிச்சம் போதவில்லை என்று திண்ணைக்குப் போய்விடுகிறாள். இரண்டாம் வரியைத் தொடக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே தொடுவதில்லை.

படுக்கப் போகுமுன் அக்கா நான்கு பேட்டரியையும் கழற்றி, ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாள்.